பட்டாணியின் இருநூற்றுப் பதினான்கு சொற்கள்

இந்தக் கதையில் தப்பு செய்தது யார் என்று உங்களைத் தேட விடப்போவதில்லை. நான்தான். என் தம்பியிடம் இருந்த சொற்களை எல்லாம் ஒரே மதியத்தில் பூட்டிவிட்டு, திறக்கும் வழியை மறந்துபோனவள் நான்.

தம்பிக்கு ஆறு வயது. உருண்டையாக இருப்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவன் பட்டாணி. அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். நாம் சொல்வது எல்லாம் புரியும். குறும்புக்கும் குறைச்சல் கிடையாது. வாயில் சொல் மட்டும் வராது.

அதனால் அவன் போனில்தான் பேசுவான். அம்மாவின் பழைய போன் அது. அதில் கட்டம் கட்டமாகப் படங்கள் வைத்த ஓர் ஆப் இருந்தது. குழாய்ப் படத்தைத் தொட்டால் "தண்ணி வேணும்" என்று குரல் வரும். கதவுப் படத்தைத் தொட்டால் "வெளியே போலாம்" என்று வரும். அந்தக் குரல் என்னுடையது.

பேச்சுப் பயிற்சி டீச்சர் அந்த ஆப்பைப் பற்றிச் சொன்னபோது எனக்கு எட்டு வயது. அப்பா லாரி ஓட்டுகிறார். மாதத்துக்கு இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். அம்மாவுக்குச் சலவை நிலையத்தில் வேலை. ஆஸ்பத்திரி விரிப்புகளை மலை மலையாக இஸ்திரி போட்டுவிட்டு வந்தால் உட்காரக்கூட நேரம் இருக்காது. அதனால் படம் எடுக்கும் வேலையையும் குரல் கொடுக்கும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். இரண்டு வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு சொற்கள் சேர்ந்தன.

ஆரம்பத்தில் பதிந்த சொற்களில் எனக்கு முன்பல் இருக்காது. 'செருப்பு' என்று நான் சொன்னது 'ஷெழுப்பு' என்று கேட்கும். பட்டாணிக்கு அது உயிர். செருப்பு தேவையே இல்லாதபோதும் அதை அழுத்தி அழுத்தி விழுந்து விழுந்து சிரிப்பான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை என் வகுப்புத் தலைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

அவளோடு இன்னும் இரண்டு பேர். அறிவியல் பாடத்துக்காக ஒரு பெரிய அட்டையில் பூவின் பாகங்களை வரைய வேண்டும். வகுப்பில் எல்லோரும் அவள் பக்கத்தில் உட்கார ஆசைப்படுவார்கள். நானும்தான். அதனால் காலையிலிருந்து வீட்டைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தேன். அம்மா வேலைக்குப் போயிருந்தாள்.

நாங்கள் இதழ்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தோம். அடுத்த அறையிலிருந்து என் குரல் சத்தமாகக் கேட்டது.

"எனக்கு ஒண்ணுக்கு வருது."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவே இல்லை.

"எனக்கு ஒண்ணுக்கு வருது. எனக்கு ஒண்ணுக்கு வருது."

வகுப்புத் தலைவி வண்ணப் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் ஓடிப்போய்ப் பட்டாணியைக் கழிப்பறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். போனை அவன் கையிலிருந்து வாங்க மறந்துவிட்டேன். இரண்டு நிமிடம் கழித்து, கதவுக்கு உள்ளிருந்து என் குரல் மறுபடியும் கேட்டது.

"முடிஞ்சிருச்சு. வந்து கழுவி விடு."

இந்த முறை மற்ற இரண்டு பேரும் தரையில் புரண்டார்கள்.

"உன் குரல்தானே அது?" என்றாள் வகுப்புத் தலைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "திங்கக்கிழமை போனை எடுத்துட்டு வா. கிளாஸ்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம்."

என் காது இரண்டும் சுட்டன. பட்டாணியைக் கழுவிவிட்டு வெளியே கூட்டி வந்ததும் போனைப் பிடுங்கினேன். அந்தப் போனைத் திறக்க, திரையில் உள்ள ஒன்பது புள்ளிகளில் 'ட' போட வேண்டும். மேலிருந்து கீழே ஒரு கோடு, பிறகு வலது பக்கம் ஒரு கோடு. பட்டாணிக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அதை மாற்றிவிட்டால் அவர்கள் போகும்வரை அவன் வாயை மூடிக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன்.

அவன் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். மேலே கீழே குறுக்கே என்று ஒன்பது புள்ளியையும் இழுத்துக் கோத்து ஒரு சிக்கலான கோலத்தைப் போட்டேன். போன் இன்னொரு முறை போடச் சொன்னது. போட்டேன். பூட்டிக்கொண்டது.

பட்டாணி போனை வாங்கி 'ட' போட்டான். திறக்கவில்லை. இன்னொரு முறை போட்டான். பிறகு என் சட்டையை இழுத்து, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"கொஞ்ச நேரம் சும்மா இருடா," என்றேன்.

அவன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். நாங்கள் பூவை வரைந்து முடித்தோம். நன்றாகவே வந்திருந்தது.

அவர்கள் போன பிறகு போனை எடுத்தேன். விரலைத் திரையில் வைத்தேன். எந்தப் புள்ளியில் ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

ஐந்து முறை தப்பாகப் போட்டதும் அரை நிமிடம் காத்திருக்கச் சொன்னது. பிறகும் போட்டேன். பிறகும் காத்திருக்கச் சொன்னது. பட்டாணி பக்கத்தில் வந்து நின்று, நான் தோற்கும்போதெல்லாம் தன் குட்டி விரலால் 'ட' போட்டு எனக்கு உதவினான். அக்காவுக்கு மறந்துவிட்டது, நாம் சொல்லித்தருவோம் என்று நினைத்திருப்பான்.

அம்மா வந்ததும் சொன்னேன். அம்மா கத்தவில்லை. சோப்பு மணக்கும் கையால் போனை வாங்கிப் பார்த்தாள். கதவை ஒட்டித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டி இப்படிப் பண்ணே?"

கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஞாயிறு முழுவதும் முயன்றோம். காத்திருக்கச் சொல்லும் நேரம் ஒரு நிமிடமாகி, பத்து நிமிடமாகி, கடைசியில் ஒரு மணி நேரத்தில் வந்து நின்றது.

திங்கள்கிழமை பள்ளி விட்டதும் அம்மாவோடு செல்போன் பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்னக் கடை. கடைக்காரி காதோரம் எப்போதும் திருகாணி முடுக்கும் ஒரு திருப்புளியைச் செருகியிருப்பாள். நாங்கள் அவளைத் திருப்புளி அக்கா என்போம்.

"தொறந்துடலாம்," என்றாள் போனைத் திருப்பிப் பார்த்து. "அஞ்சு நிமிஷ வேலை."

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"ஆனா உள்ளே எதுவும் இருக்காது."

"எதுவும்னா?"

"எதுவும்னா எதுவும்தான். ஃபேக்டரி ரீசெட்னு பேரு. கடையில வாங்கின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிடும். போட்டோ, வீடியோ, ஆப், நீங்க பேசிப் பதிஞ்சது எல்லாம் போயிடும். எழுதின பலகையை ஈரத்துணி போட்டுத் துடைச்ச மாதிரி."

"எதுவுமே மிஞ்சாதா அக்கா?"

"சிம் கார்டுக்கு ஒண்ணும் ஆகாது. மெமரி கார்டு போட்டிருந்தா அதைத் தனியா எடுத்து வச்சுக்கலாம். போட்டிருக்கீங்களா?"

அம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

"அக்கவுண்ட்ல காப்பி ஏத்தி வச்சிருந்தா அது திரும்ப வரும். அந்த ஆப்ல காப்பி எடுத்தியா?"

அந்த ஆப் வாரத்துக்கு ஒரு முறை கேட்கும், 'காப்பி எடுக்கலாமா?' என்று. நெட் தீர்ந்துவிடும் என்று நான் ஒவ்வொரு முறையும் 'பிறகு' என்பதை அழுத்துவேன். இரண்டு வருடம் 'பிறகு' அழுத்தியிருக்கிறேன்.

"உள்ளே இருக்கிறது போகாம தொறக்க வழியே இல்லையா?"

"அப்படி ஒரு வழி இருந்தா, போனைத் திருடினவனுக்கும் அதே வழி இருக்குமே," என்றாள் திருப்புளி அக்கா. "ஒன்பது புள்ளியில மூணு லட்சத்துக்கும் மேல கோலம் போடலாம். நீ ஒண்ணொண்ணாப் போட்டு முடிக்கறதுக்குள்ள உன் தம்பிக்கு மீசை முளைச்சிடும்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். துடைக்க வேண்டாம், யோசித்துச் சொல்கிறோம் என்று போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். யோசித்தால் அந்தக் கோலம் ஞாபகம் வந்துவிடும் என்று ஓர் ஆசை.

வரவில்லை. சுவரைப் பார்த்து நின்று யோசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு காற்றில் போட்டேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்கப் புள்ளியாக வைத்து இழுத்தேன். இரண்டு வருடமாகச் சொற்களை ஞாபகமாகச் சேர்த்தவளுக்கு ஒரு நிமிடத்தில் போட்ட கோடு ஞாபகம் இல்லை.

செவ்வாய்க்கிழமை அட்டையை வெட்டிப் படங்கள் வரைந்தேன். குழாய், கதவு, கட்டில், பூனை. எனக்கு ஓவியம் அவ்வளவாக வராது. பூனை நாற்காலி மாதிரி இருந்தது. ஆனாலும் பட்டாணி ஆசையாக வாங்கிக்கொண்டான். குழாய்ப் படத்தை விரலால் அழுத்தினான். காதில் வைத்துப் பார்த்தான். இன்னும் பலமாக அழுத்தி மறுபடி காதில் வைத்தான்.

பிறகு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என்னிடமே கொடுத்துவிட்டான். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

புதன்கிழமை காலையில் பட்டாணி அழுதுகொண்டே எழுந்தான். பாலைத் தட்டிவிட்டான். அம்மாவைத் தொடவிடவில்லை.

"தலை வலிக்குதா கண்ணு? வயிறா? பல்லா?" அம்மா ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் கேட்டாள். அழும்போது அவன் தலையைக்கூட ஆட்டமாட்டான். உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினான்.

போனில் அதற்கென்று ஒரு பக்கமே வைத்திருந்தேன். தலை, காது, பல், தொண்டை, வயிறு, கால். ஒவ்வொன்றின் படத்தைத் தொட்டாலும் 'இங்கே வலிக்குது' என்று வரும். அந்தப் பக்கம் இப்போது அலமாரியில், மூன்று லட்சம் கோலங்களுக்குப் பின்னால் கிடந்தது.

அம்மா வேலைக்குப் போகவில்லை. டாக்டர்தான் கண்டுபிடித்தார். காதுக்குள்ளே ஒரு சின்னக் கட்டி. மருந்து விட்டுப் பஞ்சு வைத்து அனுப்பினார். வரும் வழியில் பட்டாணி அம்மாவின் தோளில் தூங்கிப்போனான். ஒரு சொல் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அது இல்லாததால் அவன் மூன்று மணி நேரம் அழுதான்.

"சாயங்காலமே துடைச்சுடலாம்," என்றாள் அம்மா.

"அவன் சொல்லு எல்லாம் போயிடுமேம்மா."

"உள்ளேயே பூட்டிக் கிடந்தா மட்டும் யாருக்கு ஆகும்?"

பட்டாணியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனோம். திருப்புளி அக்கா போனின் ஓரத்துப் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் வந்தன. எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"நான் அழுத்தறேன்," என்றேன். பூட்டியது நான். அழிப்பதை வேறு யாராவது செய்வது சரியாகப் படவில்லை.

அழுத்தினேன். அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

போன் பளிச்சென்று விழித்துக்கொண்டு, யாரையும் தெரியாத முகத்தோடு வணக்கம் சொன்னது. முன்பு வைத்திருந்த அக்கவுண்டின் பாஸ்வேர்டைக் கேட்டது. அம்மா அதை எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைக் கையோடு கொண்டு வந்திருந்ததால் பிழைத்தோம். பெயர்களும் நம்பர்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஆப்பையும் மறுபடி ஏற்றினோம்.

திரை வெளிச்சமானதும் பட்டாணி கைதட்டிக் குதித்தான். திறந்துவிட்டது என்று நினைத்தான். போனை வாங்கி, குழாய் இருந்த இடத்தைத் தொட்டான். காலிக் கட்டம். செருப்பு இருந்த இடத்தைத் தொட்டான். அதுவும் காலி. பக்கம் பக்கமாகத் தள்ளி, ஒரு கட்டம் விடாமல் தொட்டுப் பார்த்தான். எங்கேயும் சத்தம் இல்லை.

போனை என் மடியில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பதிய ஆரம்பித்தேன். குழாய், கதவு, கட்டில், பால். எல்லாம் புதுப் படம். 'செருப்பு' சொல்லிப் பார்த்தேன். இப்போது எனக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது. செருப்பு வெறும் செருப்பாக வந்தது.

வியாழக்கிழமைக்குள் முப்பது சொற்கள் ஆகிவிட்டன. பட்டாணி ஒன்றைக்கூடத் தொடவில்லை. போனைக் கையில் வைத்தால் கீழே வைத்துவிட்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். தாகம் எடுத்தால் அவனே நாற்காலி போட்டு ஏறித் தண்ணீர் பிடித்துக் குடித்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

"விட்டுப்பிடி," என்றாள் அம்மா. சொல்லும்போது அவளுக்கே நம்பிக்கை இல்லை.

இனி அவன் பேசவேமாட்டான் என்று நினைத்தேன். என் பக்கத்திலேயே ஒரு தம்பி இருப்பான், அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

வெள்ளிக்கிழமை வகுப்புத் தலைவி மூன்றாவது முறையாகக் கேட்டாள், எல்லோர் முன்னாலும்.

"என்ன, போனை எப்பத்தான் கொண்டு வருவே? ஒண்ணுக்கு வருதுன்னு நீயே சொல்லிக் காட்டிடேன்."

எனக்குள் ஏதோ அறுந்தது.

"உன் மேல எனக்குக் கோபம்," என்றேன். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. "ரொம்பக் கோபம். அது என் தம்பி பேசற குரல். அதைக் கேட்டுச் சிரிக்காதே. என்கூடப் பேசவும் செய்யாதே."

அவள் முகம் சிவந்துபோனது. தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த கல் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்குக் கோபம் வந்தது, சொல்லிவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் வந்தது, ஏண்டி என்று கேட்டாள். பட்டாணிக்கு?

அழிந்துபோன இருநூற்றுப் பதினான்கு சொற்களையும் மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். வேணும். போதும். நன்றி. மன்னிச்சுக்கோ. அக்கா வா. அக்கா நல்ல அக்கா. ஆமாம், அதைக்கூட நான் பதிந்து வைத்திருந்தேன். என்னைத் திட்ட ஒரு சொல் இல்லை. போனை நான் பூட்டாமலே இருந்திருந்தாலும், அவன் அழுத்த அங்கே அப்படி ஒரு கட்டம் இல்லை.

மீதித் தூரத்தை ஓடினேன்.

பட்டாணி மேசைக்கு அடியில்தான் இருந்தான். நானும் உள்ளே நுழைந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தேன். அவன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். புருவம் இரண்டும் மூக்குக்கு மேல் முட்டிக்கொண்டிருந்தன.

"அப்படியே இரு," என்றேன். படம் எடுத்தேன்.

அதை முதல் கட்டத்தில் வைத்தேன். குழாய், கதவு எல்லாவற்றையும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். பிறகு அவன் பார்க்கும்படியாகப் போனை வாயருகே பிடித்து, எவ்வளவு கோபமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு கோபமாகச் சொன்னேன்.

"அக்கா, உன் மேல எனக்குக் கோபம்."

போனைத் தரையில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

அவன் தன் முகத்தைத் தானே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு ஒரு விரலை நீட்டினான்.

"அக்கா, உன் மேல எனக்குக் கோபம்."

"ஆமாண்டா," என்றேன். "தெரியும்."

அவன் இன்னும் பக்கத்தில் நகர்ந்தான். போனை எடுத்து என் காதோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினான். என் குரல் என் காதுக்குள் கத்தியது. நான் நகரவில்லை. இந்தக் காதில் போதும் என்று தோன்றியதும் அந்தக் காதுக்குப் போனான்.

அம்மா வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். "என்ன நடக்குது இங்கே?"

பட்டாணி போனை அவள் பக்கம் நீட்டி, என்னைக் கை காட்டி, அழுத்தினான்.

"அப்படியா?" என்றாள் அம்மா. "நல்லாச் சொல்லு அவகிட்ட."

அவன் நன்றாகவே சொன்னான். அழுத்தி அழுத்திச் சொன்னான். சொல்லச் சொல்லப் புருவம் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகின. கடைசியில் ஒரு பெரிய மூச்சு விட்டு, என் தொடைமேல் சாய்ந்துகொண்டான்.

பிறகு கோப முகத்துக்கு அடுத்த காலிக் கட்டத்தின்மேல் விரலை வைத்துவிட்டு, என் வாயைப் பார்த்தான்.